உப்பு மூட்டையோடு குதித்தவன்

கடைத் திறப்பு விழாக்களில் ஸ்பிரிங் கால்களை மாட்டிக்கொண்டு குதிப்பது என் தொழில். முழங்காலுக்குக் கீழே வார் போட்டு இறுக்கினால் ஆள் ஒன்றரை அடி உயர்ந்துவிடுவான். ஒரு செல்போன் கடைத் திறப்புக்கு முந்தின நாள் இடது கால் ஸ்பிரிங் ஒடிந்துபோனது. புதியது வரப் பத்து நாளாகும் என்றார்கள். துறைமுகம் போகும் ரோட்டில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தன டன் ஏத்துவிய?" என்றார்.

"நான் மட்டுந்தான் அண்ணாச்சி. அறுவது கிலோ."

சாயங்காலத்துக்குள் ஒரு பழைய குட்டியானை சரக்கு வண்டியின் பட்டைகளை அறுத்து இரண்டு கால்களுக்கும் பொருத்திவிட்டார். மாட்டிக்கொண்டு குதித்தேன். பட்டை அசையவே இல்லை. மின்கம்பம் மாதிரி நின்றேன்.

"பட்டையில கோளாறு இல்ல, லோடு பத்தல" என்றவர், உப்பள லாரியிலிருந்து இறக்கி வைத்திருந்த ஒரு மூட்டையைத் தூக்கி என் தோளில் வைத்தார். "இப்பம் குதிங்க."

குதித்தேன். தலை தகரக் கூரையில் இடித்தது.

மறுநாள் வேறு வழியில்லாமல் மூட்டையோடுதான் போனேன். அவமானமாக இருந்தது. கூட்டத்திலிருந்த ஒரு அம்மா அண்ணாந்து பார்த்து, "ஏ தம்பி, போன் வாங்குனா உப்பு சும்மாவா?" என்று கேட்டார். நான் மூச்சு வாங்கிப் பதில் சொல்வதற்குள் அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது.

கடை முதலாளி வெளியே ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் பேண்ட்டைப் பிடித்து இழுத்து மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, நிறுத்திராதிய. பத்து மூட்டை உப்புக்குச் சொல்லிவிட்டிருக்கேன்."