துரைக்கு அம்மை போட்ட கதை

என் மீனைக் கொன்றது என் சித்தப்பா. அம்மை கொல்லவில்லை, ஆத்தா கொல்லவில்லை. அவர்தான் கொன்றார். கொன்றுவிட்டு இத்தனை வருடமாக அதையே வேடிக்கைக் கதையாகச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும் சரி, சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும்போது யாராவது ஒருவர், "அந்தத் துரைக்கு அம்மை போட்ட கதையை எடுத்து விடுங்களேன்" என்று கிளப்பி விடுவார். சித்தப்பா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவார். பிறகு சொல்லுவார். முடிந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். நானும் சிரிக்க வேண்டும். இல்லாவிட்டால், "இவ்வளவு வயசாச்சு, இன்னும் மீனுக்கு அழுவுறா பாருலா" என்பார்கள். சிரித்தது போதும். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

யுத்தத்துக்கு முந்திய பினாங்கு. எங்கள் வீடு டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட வரிசை வீடுகள். முன்னால் பார்த்தால் ஒரு கதவும் ஒரு ஜன்னலும்தான். உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். தெருவாசலில் நின்று கத்தினால் அடுக்களையில் இருப்பவருக்குக் காதில் விழாது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பி, அப்பாவின் தங்கை. அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு ஆப்பீசில் கணக்கு எழுதும் கிராணி. சித்தப்பா இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு பந்து உதைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இளையவர் அத்தை. எனக்கு அப்போது ஏழு வயது. எனக்குத் தலை வாரியது, சோறு ஊட்டியது, அம்மா அடிக்க வந்தால் குறுக்கே நின்றது எல்லாம் அத்தைதான்.

மீனும் அத்தை வாங்கிக் கொடுத்ததுதான். எனக்கு நெடுநாள் காய்ச்சல் கிடந்து எழுந்தபோது, பாசார் என்ற சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சீனன் கடையில் தொட்டி தொட்டியாக மீன் இருந்ததைக் காட்டி, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார். நான் ஒரு சிவப்பு மீனைக் காட்டினேன். மிட்டாய்க்கடைக் கண்ணாடிச் சாடி ஒன்றைக் கழுவி அதில் விட்டோம். அப்பா ஆப்பீசிலிருந்து வந்து அதைப் பார்த்தார். மூஞ்சி சிவந்திருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. யாரையும் மதிக்காமல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நடந்தது. "எங்க ஆப்பீஸ் வெள்ளைக்காரத் துரை மாதிரியே இருக்கே, சத்தம்தான் வரல" என்றார். அன்றிலிருந்து அது துரை ஆகிவிட்டது.

துரையின் இடம் அடுக்களை ஜன்னல். காலையில் எழுந்ததும் நேரே அங்கேதான் போவேன். என் விரல் கண்ணாடியில் பட்டால் ஓடி வரும். பொடி செய்த ரொட்டித் தூளை மேலே வந்து கொத்தும். இது ஒரு பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குப் பெரிய விஷயம். அந்த வீட்டில் நான் கூப்பிட்டால் வருகிற ஒரே ஜீவன் அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் அத்தைக்கு ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், ரயில்வே கிராணி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவாயிற்று. அத்தை அந்த வாரம் முழுக்கக் காரணம் இல்லாமல் பாடிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளையை ஏற்கெனவே தண்ணீர்மலைக் கோயிலில் தைப்பூசத்தன்று பார்த்திருக்கிறார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைத் திடலில் சித்தப்பாவுக்குப் பந்து விளையாட்டு. வீட்டில் சண்டை. அப்பா ஒரே வார்த்தைதான் கேட்டார்: "உனக்குப் பந்தா, தங்கச்சியா?" சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு, சரிண்ணே, வீட்டில் இருக்கிறேன் என்றார். அவர் அவ்வளவு லேசாகச் சரி என்று சொன்னதே சந்தேகப்பட வேண்டிய விஷயம். யாரும் சந்தேகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை துரையின் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. ரவையைத் தூவினது மாதிரி வாலிலும் முதுகிலும் இருந்தது. சாடியின் ஓரத்தில் உடம்பை உரசி உரசித் துடித்தது. ரொட்டித் தூள் போட்டேன், வரவில்லை. நான் அழுதுகொண்டு சித்தப்பாவிடம் ஓடினேன். அவர்தான் வீட்டில் படித்தவர். அவர் வந்து சாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "பாப்பா, துரைக்கு அம்மை போட்டிருக்கு" என்றார்.

இந்த இடத்தில்தான் கூட்டம் முதல் தடவை சிரிக்கும்.

அம்மா சிரிக்கவில்லை. அடுப்பை விட்டு எழுந்து வந்து, "தம்பி, அந்த வார்த்தையை வெச்சு விளையாடாதீங்க" என்றார்.

"விளையாடல அண்ணி. நீங்களே பாருங்க, முத்து முத்தா இருக்கு."

அம்மா எட்டிப் பார்த்தார். முத்து முத்தாகத்தான் இருந்தது. அம்மாவின் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மீனுக்கு அம்மை வருமா வராதா என்பது அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று ஒருத்தர் வாயால் சொன்ன பிறகு, இல்லை என்று சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை. சொல்லி, அது பொய்யாகி, நாளைக்கு எனக்கே அம்மை போட்டுவிட்டால்? அவ்வளவுதான். வீட்டில் தாளிப்பு நின்றது. எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. மஞ்சளை அரைத்து, வேப்பிலையை உருவி, சித்தப்பா சொன்னபடி சாடியில் போட்டார்கள். தண்ணீர் பருப்புத் தண்ணி மாதிரி ஆயிற்று. துரை அதற்குள் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நான் கண்ணாடியில் மூக்கை வைத்துத் தேடுவேன். ஒரு சிவப்பு நிழல் போகும். உயிரோடுதான் இருக்கிறது என்று அம்மாவிடம் போய்ச் சொல்லுவேன்.

பிற்பாடு நானே வீட்டில் தொட்டி வைத்து மீன் வளர்த்தேன். அந்த வெள்ளைப் புள்ளி மீனுக்குச் சாதாரணமாக வருகிற சீக்கு. நல்ல தண்ணீர் மாற்றி உப்புப் போட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். துரையும் பிழைத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை. மீனுக்காக நாளைத் தள்ளிப்போட ஒப்பாத அப்பா மத்தியானமே வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வரப் படகுத்துறைக்குப் போனார். அம்மா அடுக்களையில் கேசரி கிளறிக்கொண்டிருந்தார். பஜ்ஜி போட முடியவில்லையே, வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று புலம்பிக்கொண்டே கிளறினார். அத்தை நடு அறையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்தார். நான் தெரு ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா பெரிய வேப்பங்கொத்து ஒன்றைக் கொண்டுவந்து, ஸ்டூல் போட்டு ஏறி, தெருவாசல் நிலையில் கட்டினார். இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி நன்றாகக் கட்டினார். இறங்கி, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டார். என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தார். பிறகு பின்வாசல் வழியாக வெளியே போனார். அவர் கழுத்தில் பந்தாட்டத்துக்குக் காலில் போடும் சப்பாத்து இரண்டும் கயிற்றில் கோத்துத் தொங்கியது. துரைக்குத்தான் இவ்வளவும் செய்கிறார் என்று நினைத்து, எனக்கு அவர் மேல் அன்று அவ்வளவு பிரியம் வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ரிக்‌ஷாக்கள் சந்துக்குள் திரும்பின. முதல் வண்டியில் அப்பா. இரண்டாவதில் மாப்பிள்ளையின் தாயார், மடியில் பூவும் பழமும். மூன்றாவதில் மாப்பிள்ளை. அப்பா குதித்து இறங்கி, வாங்க வாங்க என்று திரும்பினார். அந்த அம்மாள் இறங்கவில்லை. வாசல் நிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பாவும் அப்போதுதான் பார்த்தார்.

"என்ன தம்பி இது? முத்துப் போட்ட வீட்டுக்கா எங்களைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"ஐயோ, இல்லீங்கம்மா. அது மீனுக்குங்க."

"மீனுக்கா?"

"மீனுக்குத்தாங்க! பாப்பா ஒரு மீன் வளக்குது."

அப்பா கையால் மீன் நீந்துவது மாதிரி செய்து காட்டினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட மனிதர், நடுத்தெருவில், கையை நெளித்து நெளித்துக் காட்டினார். சித்தப்பா இதை இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறார். அவர் அப்போது அங்கே இல்லவே இல்லை. யாரோ சொல்லக் கேட்டு நடிக்கிறார். அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா இருக்கிற எடத்துல நல்ல காரியம் பேசக் கூடாது தம்பி. அவ எறங்கட்டும், பெறகு பாப்போம்" என்றார். மாப்பிள்ளை மட்டும் ஜன்னல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். என் தலைக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது. அத்தை நின்றுகொண்டிருந்தார். வண்டிகள் திரும்பிப் போயின.

சித்தப்பா இருட்டுகிற நேரத்தில் முழங்கால் வீங்கி வந்தார். அவர் கட்சி தோற்றுவிட்டதாம். அப்பா அடித்தார். "கொழந்தை அழுதுச்சுண்ணே, அதுக்காகத்தான் கட்டினேன்" என்று என்னைக் காட்டினார். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அவரை அடிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் நகராட்சி சுகாதார ஆப்பீசர் வந்துவிட்டார். சந்தில் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் அக்கம்பக்கத்தார் எல்லோரும் கூடி நின்றார்கள். நான்தான் வாசலில் இருந்தேன். அவர் குனிந்து நல்லபடியாகத்தான் கேட்டார்: "பிள்ளை, இந்த வீட்டில ஆருக்கு வருத்தம்?"

அத்தை நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. நான், "அத்தைக்கு" என்றேன்.

யாழ்ப்பாணத்தில் நோய்க்குத்தான் வருத்தம் என்று பெயர். ஏழு வயதில் எனக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவர் முகம் மாறிவிட்டது. "அவவை வெளிச்சத்துக்கு வரச் சொல்லுங்கோ" என்றார். அத்தையை வாசலில் நிறுத்தினார்கள். முகத்தை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு, கையைக் காட்டு. சந்தே பார்த்தது. எல்லாம் பார்த்துவிட்டு, "இவவுக்கு ஒண்டும் இல்லையே. பிறகு ஆருக்கு?" என்றார். அப்போது சித்தப்பா நொண்டிக்கொண்டு அடுக்களைக்குப் போய், மஞ்சள் சாடியைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினார்.

"இவருக்குத்தான் சார்."

ஆப்பீசர் சாடியை உற்றுப் பார்த்தார். "ஓ. இவருக்கு அம்மைப்பால் ஊசி குத்தினதோ?"

சந்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சித்தப்பாவின் கதை இங்கே முடிகிறது. எப்போதும் இங்கேதான் முடிப்பார்.

ஆனால் துரை அன்று சாயங்காலம் செத்தது. ஆடி ஆடிக் கொண்டுவந்த சாடியில் பக்கவாட்டில் சாய்ந்து, வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். விரலை வைத்தேன். வரவில்லை. வாய் நின்றுவிட்டது. அத்தைதான் அதைக் கையில் எடுத்து, மஞ்சளைக் கழுவி, பின்கட்டில் குழாயடிக்குப் பக்கத்தில் குழி தோண்டினார். குழியை மூடாமல் உட்கார்ந்து அத்தை அழுதார். அப்படி யாரும் அழுது நான் பார்த்ததில்லை. என் மீனுக்காக என்னை விட அதிகமாக அழுகிறாரே என்று எனக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அவர் முதுகைத் தடவி, "அழாதீங்க அத்தை, வேற வாங்கிக்கலாம். அந்தக் கடையில நிறைய இருக்கு" என்றேன். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதார். எதற்கு அழுதார் என்று எனக்கு அப்போது தெரியாது.

பிறைக்காரர்கள் வரவில்லை. வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு வந்த ஒவ்வொரு இடமும், சுகாதார ஆப்பீசர் வந்து பார்த்த பெண்தானே என்று கேட்டது. வந்தவர்கள் அத்தையின் முகத்தில் தழும்பு தேடினார்கள். கடைசியில் தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவருக்கு, மூன்று பிள்ளைகளோடு இருந்தவருக்கு, இரண்டாந்தாரமாகப் போனார். சித்தப்பா பந்தாட்டத்தை விட்டு, நல்ல வேலையில் சேர்ந்து, விரும்பின பெண்ணைக் கட்டிக்கொண்டார். அத்தை ஒருநாளும் வாய் திறந்ததில்லை. சித்தப்பா கதை சொல்லும்போது எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார்.

வருகிற மாதம் சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபம், மைக், மேடை எல்லாம் ஏற்பாடு. துரை கதையை அவர் மேடையிலேயே சொல்லப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். சொல்லட்டும். அத்தை முன்வரிசையில் என் பக்கத்தில் இருப்பார். இந்தத் தடவை பாத்திரம் கழுவ நான் விடமாட்டேன்.

சித்தப்பா, கதையை ஆப்பீசரோடு நிறுத்தாதீர்கள். அத்தையின் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மைக்கில் இதற்குப் பதில் சொல்லுங்கள். அம்மை போட்ட மீன் அடுக்களையில் இருந்தது. வேப்பிலையை ஏன் தெருவாசலில் கட்டினீர்கள்?