நானூற்றுப் பதிமூன்றாம் எண்

அந்தத் தொகுதியில் எந்தத் தேர்தலில் யார் ஜெயித்தார் என்று வருஷம் தவறாமல் சொல்ல டீக்கடைக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஓட்டுப் போட்டவர்களில் யார் செத்தார்கள், யார் கல்யாணமாகிப் போனார்கள், யார் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போனார்கள் என்று கேட்டால் மட்டும் அந்தப் பத்துப் பேரும் ஒரே வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். லிஸ்ட்டக்கா வீடு. மழலையர் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவதுதான் அவளுடைய உண்மையான வேலை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஓர் அதிகாரி வந்து, "உங்களுக்குத்தான் எல்லா வீடும் தெரியுமே" என்று சிரித்துக்கொண்டே வாக்காளர் பட்டியலையும் அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். அந்த ஆள் போன வருஷம் ஓய்வுபெற்றுவிட்டார். பட்டியல் மட்டும் அவளை விட்டபாடில்லை.

அவளுடைய சாவடிக்கு ஆயிரத்து நூற்று நாற்பது பேர். வருஷத்துக்கு ஒரு தடவை, பள்ளி விட்ட பிறகு, அட்டையில் கிளிப் போட்ட தாள்களோடு வீட்டுக்கு வீடு ஏறி இறங்க வேண்டும். இருப்பவருக்கு ஒரு டிக். செத்தவருக்கு ஒரு கோடு, கூடவே சான்றிதழ். ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் இல்லாதவருக்கு நீக்கல் படிவம். இதில் கடைசி வேலைதான் பெரிய தலைவலி. மகன் வெளியூருக்குப் போய் வருஷக்கணக்கில் பேச்சுமூச்சு இல்லாத வீடுகளில் தாய்மார்கள் கதவை மறித்துக்கொண்டு நிற்பார்கள்.

"பேரு இருந்துட்டுப் போகட்டுமேம்மா. உனக்கு என்ன பாரமா இருக்கு?"

"வந்தா திரும்பச் சேத்துக்கலாம்மா. அதுக்கும் படிவம் இருக்கு" என்பாள் லிஸ்ட்டக்கா. குரலில் கோபமும் இருக்காது, இரக்கமும் இருக்காது. எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். கல்நெஞ்சுக்காரி என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். முகத்துக்கு நேராகவும் சிலர் சொன்னார்கள்.

தொகுதியின் சரித்திரம் ஒன்றும் பெரிய காவியமில்லை. முதல் மூன்று தடவை பூட்டுச் சின்னத்தில் ஒரு மில் முதலாளி ஜெயித்தார். ஜெயித்ததோடு சரி, தொகுதிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அடுத்து குடைச் சின்னத்தில் ஒரு தலைமையாசிரியர் ஜெயித்து, மேடையிலேயே அழுதார். பாவம், பதினான்கு மாதத்தில் மாரடைப்பு. இடைத்தேர்தல் வந்தது. பூட்டுக்காரர்கள் ஊரின் கிழக்குப் பக்கமிருந்து சாலை போட்டார்கள், குடைக்காரர்கள் மேற்குப் பக்கமிருந்து போட்டார்கள். வாக்குப்பதிவு முடிந்த அன்று இரண்டு கூட்டமும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நடுவில் இருநூறு அடி இன்றைக்கும் மண்தான்.

அந்த இடைத்தேர்தல் சமயத்தில்தான் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை குடைக் கட்சியின் பிரசார வண்டி ஓட்டியவர். கலகலப்பான மனிதர். ஒலிபெருக்கியில் வேட்பாளரின் பெயரைச் சொல்லிவிட்டு, அவள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். மகள் பிறந்து ஐந்து வயதானபோது இன்னொரு தேர்தல் வந்தது. குடை தோற்றது. வாடகைக்கு எடுத்த வண்டியைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். "விட்டுட்டு வந்துடறேன்" என்று சாவியைச் சுழற்றிக்கொண்டே போனார். வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் கம்பி நீட்டிவிட்டார்.

இது நடந்து பதினைந்து வருஷம் ஆகிறது. பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டாம் எண் அவள், நானூற்றுப் பதிமூன்று அவர். முதல் பத்து வருஷம் அவர் பேருக்கு எதிரே அவள் டிக் போட்டது பொய் டிக். தெரிந்தேதான் போட்டாள். ஊரார் மகன்களை எல்லாம் சட்டப்படி நீக்கியவள் சொந்த வீட்டு வாசலில் மட்டும் சட்டத்தை மறந்தாள். தன்னைத் தவிர அந்த வீட்டுக்கு வந்து சரிபார்க்க வேறு ஆள் இல்லை என்ற தைரியம்.

அதற்குப் பிறகு போட்ட டிக்குகள் வேறு மாதிரி. போன தேர்தலில் அவளுக்குப் பக்கத்து ஊர்ச் சாவடியில் பணி. மறுநாள் காலையில் தன் பள்ளியைத் திறந்து, வாக்குச்சாவடியாக இருந்த அறையில் குட்டி நாற்காலிகளைத் திரும்ப அடுக்கியபோது, பெஞ்சுக்கு அடியில் ஒரு கத்தைத் தாள் கிடந்தது. குடைக் கட்சி ஏஜெண்ட் விட்டுப்போன பட்டியல். ஓட்டுப் போட்டவர்களின் எண்ணுக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு. நானூற்றுப் பன்னிரண்டுக்குக் கீழே கோடு இல்லை. நானூற்றுப் பதிமூன்றுக்குக் கீழே இருந்தது.

அன்று பிள்ளைகள் வரும்வரை அவள் குட்டி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருக்கிறார். ஊருக்கு வந்திருக்கிறார். வரிசையில் நின்று ஓட்டுப் போட்டிருக்கிறார். நான்கு தெரு தள்ளி இருக்கும் வீட்டுக்கு வரவில்லை. சந்தோஷப்படுவதா, வயிறு எரிவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு தாளை மட்டும் உருவி, மகளின் பிறப்புச் சான்றிதழ் இருந்த உறைக்குள் வைத்தாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால், "ஆமா, பாத்தோம், நல்லா இருந்தாரு" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று அதைவிடப் பயம்.

அந்தத் தேர்தலில் குடை பதினோரு ஓட்டில் ஜெயித்தது. ஜெயித்தவர் எட்டே மாதத்தில் குடையை மடக்கிவிட்டுப் பூட்டுக்குப் போனார். பதினோரு ஓட்டு என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. மனு, புகார், விசாரணை என்று ஐந்து வருஷம் இழுத்தடித்து, இப்போது அடுத்த தேர்தலுக்கு முன்னால் புது உத்தரவு வந்தது. மேற்பார்வையாளர் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"அக்கா, ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல 'நேரில் பார்த்தேன்'னு எழுதிக் கையெழுத்துப் போடணும். ஒரு பேரு பொய்யா இருந்தாலும் வேலை போயிடும். உங்களுது சுத்தமான லிஸ்ட்டு, உங்களுக்கு என்ன கவலை?"

"ஆமா, எனக்கு என்ன கவலை" என்றாள் லிஸ்ட்டக்கா.

ஐந்து நாளில் ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது பேருக்கு எழுதி முடித்துவிட்டாள். மீதி ஒன்று. ஆறாம் நாள் உறையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தையல்கடைக்குப் போனாள். குடைக் கட்சியின் ஏஜெண்டாக இருபது வருஷம் அந்தச் சாவடியில் உட்கார்ந்தவர் அந்தத் தையல்காரர்தான். அவள் கணவருக்கு ஒரு காலத்தில் சிநேகிதர். இந்தத் தடவை எந்தக் கட்சியும் வேண்டாம் என்று கையைக் கழுவிவிட்டு, பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் தாளை மெஷின்மேல் வைத்தாள். "இது உங்க கோடுதானே அண்ணே?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "என்னுதுதான். எங்க கெடச்சுது உனக்கு?"

"அன்னிக்கு அவரு வந்தாரா?"

"யாரு?"

அவள் எண்ணின்மேல் விரலை வைத்தாள். தையல்காரர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், காலை மிதிபலகையிலிருந்து எடுத்தார்.

"இத்தனை வருஷமா இதையா வெச்சிருந்த?"

"வந்தாரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"வரலம்மா. என் மச்சான் போட்ட ஓட்டு அது. வெளியூர்க்காரன், விரல் சுத்தமா இருந்துச்சு." அவர் அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் பேசினார். "நானும் பூட்டுக்கு உக்கார்ற பம்ப் மெக்கானிக்கும் எப்பவும் அப்படித்தான். சாயங்காலம் நாலு மணிக்கு மேல, ஆள் வராத பேரை எண்ணுவோம். அன்னிக்கு ஆறு இருந்துச்சு. எனக்கு மூணு, அவனுக்கு மூணு. ரெண்டு ஏஜெண்டும் ஆமான்னு தலையாட்டினா அதிகாரி என்ன பண்ணுவாரு? சண்டை இல்ல, சச்சரவு இல்ல. அவன் மூணும் என் மூணும் கழிஞ்சு போயிடும். அந்தப் பதினோரு ஓட்டுலகூட அது சேராதும்மா. யாருக்கும் லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல."

லிஸ்ட்டக்கா தாளை நான்காக மடித்தாள்.

"தங்கச்சி, நீ இப்படி நெனச்சுக்குவேன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"சீருடையெல்லாம் திங்கட்கிழமைக்குள்ள ஆயிடுமா அண்ணே? பிள்ளைங்க கேக்குதுங்க" என்றாள். அவர் தலையாட்டினார். அவளுக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். கோபப்படத் தெம்பு வேண்டுமே. ஐந்து வருஷம் நம்பியதன் அசதி மொத்தமாக அப்போதுதான் வந்து முதுகில் உட்கார்ந்தது. வீட்டுக்குப் போகும் நான்கு தெருவையும் நின்று நின்றுதான் கடந்தாள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் சாயங்காலம் வந்தபோது, அம்மா படிவத்தை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். இறப்பு, இடமாற்றம், இரட்டைப் பதிவு என்று மூன்று கட்டம். இரண்டாவதில் டிக் போட்டாள். எந்த ஊருக்கு என்ற இடத்தில் தெரியவில்லை என்று எழுதினாள். தகவல் தந்தவர் கையெழுத்து, அலுவலர் கையெழுத்து, இரண்டும் அவளே போட வேண்டியிருந்தது.

"என்கிட்ட கேக்க மாட்டியாம்மா?" என்றாள் மகள்.

"சொல்லு."

"எனக்கு அவரை லிஸ்ட்லதான் தெரியும். வேற எங்கயும் தெரியாது." மகள் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "எடுத்துடும்மா. நீ பாவம்."

நீக்கல் அறிவிப்பைச் சம்பந்தப்பட்ட வீட்டுக் கதவில் ஒட்ட வேண்டும், ஆட்சேபனை இருந்தால் ஏழு நாளுக்குள் வந்து சொல்லலாம் என்பது விதி. நூற்றுக்கணக்கான கதவில் ஒட்டியவள், தன் கதவிலும் பசை தடவி, மூலை சுருங்காமல் நீவி ஒட்டினாள். தெருவில் போனவர்கள் நின்று படித்தார்கள். மகன் பேரை அவளிடம் பறிகொடுத்த ஒரு தாய் வந்து படித்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

ஏழாம் நாள் பள்ளி அறையில் ஆட்சேபனைப் பதிவேட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணியோடு நேரம் முடிகிறது. ஐந்தே கால் வரை இருந்தாள். பிறகு, ஆட்சேபனை வரவில்லை என்று எழுதிப் பதிவேட்டை மூடினாள்.

மூன்று வாரம் கழித்துப் புதுப் பட்டியல் அச்சாகி, பிழை பார்க்க வந்தது. மேற்பார்வையாளர் எதிரே உட்கார்ந்து டீ குடித்தார். அவள் வரி வரியாகப் பென்சிலை ஓட்டிக்கொண்டே வந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு, அவள் பேர். கீழே, கணவர் பெயர் என்று அவர் பேர். நானூற்றுப் பதிமூன்று, புது வாக்காளர், மகளின் பேர். கீழே, தந்தை பெயர் என்று மறுபடியும் அவர் பேர்.

பென்சில் அங்கேயே நின்றது.

"தப்பு ஏதாவது இருக்கா அக்கா?"

"இல்ல. சரியாத்தான் இருக்கு" என்று அவள் பக்கத்தைத் திருப்பினாள்.