கொட்டில் நிலத்தில் அழித்த கணக்கு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருக்கும், முன்னுக்குப் பின்னாகவும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கனக்க மறந்தும் போயிற்று. அது எண்பத்தாறோ எண்பத்தேழோ என்றுகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. சண்டையால் பாதை பூட்டி, கடைகளுக்குச் சாமான் வராதிருந்த காலம். எனக்குப் பதினொரு வயது.

வட்டுக்கோட்டைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் புகையிலைத் தோட்டம் இருந்தது. அம்மாவுக்கு மூச்சு இழுப்பு வருத்தம். வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமென்று என்னை மறித்துவிட்டு, அக்காவைப் படிக்க விட்டார்கள். இரண்டு பேரில் அவளுக்குத்தான் தலை இருக்கிறது என்று எங்களைப் பெற்ற ஐயா சொல்வார். எனக்கு அதில் கவலை இல்லை என்று நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அக்கா உயர்தர வகுப்பில் கணிதம் படித்தாள். படிப்பித்த மாஸ்டர் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. வெளிநாடு போய்விட்டாராம். பதிலுக்கு வந்தவர் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறவர். பாவம், அவரும் என்ன செய்வார். புத்தகத்தில் உள்ளதைப் பலகையில் எழுதிவிட்டு, விளங்காததை வீட்டில் கேட்டுப் படியுங்கள் என்பாராம்.

"வீட்டிலை ஆரைக் கேக்கிறது? ஆட்டையோ?" என்று அக்கா வந்து சொல்லிச் சிரிப்பாள்.

சந்திக் கடையில் தூள், மிளகு மடித்துக் கொடுக்கிற சரை சுற்றுவதற்கென்று வாங்கிப் போட்டிருந்த பழைய கடதாசிக் கட்டுக்குள் அவளுக்கு ஒரு கணிதப் புத்தகம் அகப்பட்டது. முன்பக்கங்கள் எல்லாம் இருந்தன. விடைகள் உள்ள பின்பக்கங்கள் மட்டும் இல்லை.

"விடையளெல்லாம் போன கிழமையே மல்லித்தூளோடை போட்டுது, பிள்ளை. வேணுமெண்டால் ஊர் அடுப்படியளிலை போய்த் தேடிப் பார்" என்றார் கடைக்காரர்.

அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவள் தனியே படித்தாள். எழுதக் கொப்பி கிடைக்காது. இருந்த ஒரேயொரு கொப்பியைச் சரியான கணக்குகளுக்கு என்று ஒதுக்கிவிட்டு, மற்றதையெல்லாம் வெறுமையாய்க் கிடந்த புகையிலைக் கொட்டிலில், சாணம் மெழுகிய நிலத்தில், சுண்ணாம்புக்கல் துண்டால் எழுதுவாள். மாங்காய் பறிக்கிற கொக்கத்தடியை இரண்டு பக்கமும் வளைத்துவிட்டது போல ஒரு குறி அடிக்கடி வரும். மற்றதொன்றும் எனக்கு விளங்காது. அழிக்கக் கூடாததன் மேல் ஓலைப்பாயை விரித்துவிட்டுப் போவாள். பாய் இல்லாத இடத்தை நான் மெழுகலாம். அதுதான் எங்களுக்குள் இருந்த சட்டம்.

ஒரு கணக்கோடு அவள் பத்துப் பன்னிரண்டு நாள் மாரடித்தாள். ஒருநாள் பின்னேரம் அது வந்துவிட்டது. அதைத் திரும்ப ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் கொப்பியில் ஏற்றுவேன் என்று பாயைப் போட்டு மூடிவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடம் போனாள். அன்று அம்மா சொன்னா:

"எடி பிள்ளை, நாளைக்கு அப்புவின்ரை திவசம். ஆக்கள் வருவினம். ஒடியல் கிழங்கு காயப்போட அந்தப் பாயை எடுத்துக்கொண்டு வா. பிறகு கொட்டிலை மெழுகிவிடு."

பாயை எடுத்ததும் நான்தான், பாய் இல்லையே என்று மெழுகியதும் நான்தான். எழுத்தைக் கண்டேன். சட்டப்படி அழிக்கலாம் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன்.

அக்கா வந்து ஈரம் காயாத நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "கடைசி வரியிலை என்ன இருந்ததெண்டு ஞாபகமிருக்கோடி?" என்று மட்டும் கேட்டாள்.

பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஏழு. கீழை ஒரு கோடு. கோட்டுக்குக் கீழை பன்ரண்டு."

அவள் நம்பினாள். அன்றிலிருந்து ஏழின்கீழ் பன்னிரண்டைத் தேடினாள். எத்தனை தரம் செய்தாலும் அவளுக்கு வேறேதோ வந்தது. "அண்டைக்கு வந்தது இண்டைக்கு ஏன் வருகுதில்லை?" என்று நிலத்தைப் பார்த்துக் கேட்பாள். சோறு அப்படியே கிடக்கும். ஒரு கிழமைக்கு மேல் இப்படிப் போயிற்று. பிறகு ஒருநாள் காலமை, புத்தகத்தைக் கொண்டுவந்து ஐயாவிடம் நீட்டினாள்.

"உது எனக்குச் சரிவராது ஐயா. கடையிலை சரைக்கே குடுங்கோ. நான் சோதினை எடுக்கேல்லை."

ஐயா அதை வாங்கினார். புத்தகத்தைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார். வாசல் படலையடிக்குப் போன சைக்கிளை நான் ஓடிப்போய்ப் பின்னால் பிடித்தேன்.

"பொறுங்கோ ஐயா! அக்கா, ஏழெண்டு நான் சும்மா சொன்னனான்."

"அப்ப என்னடி இருந்தது?"

"தெரியாது. கடைசி வரியை நான் பாக்கேல்லை."

"தெரியாட்டில் தெரியாதெண்டு சொல்லோணும்" என்றாள். குரல் உயரவில்லை. கரியரில் இருந்த கயிற்றை அவிழ்த்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் அந்தக் கணக்கைச் செய்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "மெழுகு." மெழுகினேன். காய்ந்ததும் அதே கணக்கை வேறு மாதிரித் தொடங்கினாள். முடிந்ததும் கடைசி வரியின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு கொப்பியைத் திறந்து பேனையால் எழுதினாள். அதன்பிறகு ஒவ்வொரு கணக்குக்கும் இதே கதைதான். செய்வாள், மெழுகு என்பாள், திரும்பச் செய்வாள். சாண மணம் என் கையை விட்டுப் போகவேயில்லை.

"அக்கா வஞ்சம் வைச்சு என்னைக் கொல்லுறா" என்று அம்மாவிடம் அழுதேன்.

"நீ செய்த வேலைக்கு அனுபவி" என்றா அம்மா.

அது தண்டனை என்றேதான் நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். சொல்லித்தர ஆளில்லாமல், பார்த்துக்கொள்ள விடையும் இல்லாமல் இருந்தவள், இரண்டு வழியில் போய் ஒரே இடத்துக்கு வந்தால் அது சரி என்று தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள். முதல் வழி கண்ணில் படக்கூடாது என்பதற்குத்தான் அந்த மெழுகல். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மெழுகிய எனக்கு அது எப்படி விளங்கும்?

சண்டை கிட்ட வர, உயர்தரச் சோதினைக்கு முன்னமே ஊரை விட்டு எழும்பினோம். அக்கா அதை எழுதவேயில்லை. பிறகும் வாய்க்கவில்லை. அவள் செத்து மூன்று வருடமாகிறது. அந்தக் கொப்பியை அரிசிப் பெட்டிக்கு அடியில் வைத்து நான்தான் கொண்டுவந்தேன்; இன்னும் என்னிடம் இருக்கிறது. முப்பத்தெட்டுப் பக்கம். ஒன்றில்கூட ஒருவரும் சரி போட்டதில்லை.

நான் எழுதிய வருடமும் மற்றதும் பிழையென்றால் திருத்திவிடுங்கள். ஆனால், கணிதம் படித்த ஆராவது வந்து அந்தக் கொப்பியையும் ஒருக்கால் பார்க்க வேண்டும். சரியென்றால் சரி, பிழையென்றால் பிழை. சும்மா மட்டும் சொல்லாதீர்கள்.