கோட்டுக்கு இந்தப் பக்கம் அஞ்சலை அம்மாள்

அறுத்துக் கொட்டிய குறுவை நெல் களத்திலேயே முளைவிட்டுப் பச்சை பிடித்துக் கிடந்த ஐப்பசி இது. வெண்ணாற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போனது. பாபநாசம் சாலையோரம் நெல்லை மூடியிருந்த தார்ப்பாய்களைக் காற்று தூக்கிக்கொண்டு போன அதே வாரத்தில்தான் அஞ்சலை அம்மாள் காலமானார். சேதியை என்னிடம் சொன்னவள் எதிர் வரிசை லட்சுமி.

"பெருசு, உனக்கு இப்ப நிம்மதிதானே? கவுன்சிலரம்மா போயிடுச்சு" என்றாள் டீக்கடை வாசலில், நாலு பேர் கேட்க.

கீழத்தெருவில் யாரும் என்னை அப்படிக் கேட்கலாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படத்திறப்பு அன்று கொடுக்கும் புத்தகத்துக்காக நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவர் அம்மாளின் மகள், பள்ளிக்கூட டீச்சர். எழுதும்போது ஒரு தரம்கூட அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எங்கள் தெருவும் வார்டும் எப்படி வந்தன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைக்கு நீங்கள் தெரு என்று நடக்கிற இடத்தில் அந்தக் காலத்தில் வாய்க்கால் ஓடியது. இரண்டு கரையிலும் எங்கள் சனங்களின் குடிசைகள். என் அப்பா சடையனும் நானும் சித்திரை மாதத்தில் அதில் இறங்கித் தூர் வாரியிருக்கிறோம். பிறகு அதைத் தூர்த்தார்கள். தண்ணீரை வடிக்க, கீழ வரிசை வீடுகளுக்குப் பின்னால் புதிதாக ஒரு வடிகால் வெட்டினார்கள். வாய்க்கால் தெருவானது, வடிகால் சாக்கடையானது. பின்னால் பிறந்தவர்கள் எல்லாருக்கும் அந்தச் சாக்கடைதான் பழைய வாய்க்கால்.

நகராட்சி எங்களைச் சேர்த்துக்கொண்டபோது இரண்டு வரிசையும் ஒரே வார்டில் இருந்தன. கவுன்சிலர் என்றால் ரைஸ் மில் முதலாளியின் அப்பா. அவருக்குப் பிறகு முதலாளி. தேர்தல் அன்று மில் லாரியில் ஏற்றிப் போய் ஓட்டுப் போட வைப்பார்கள். அதே லாரியில் திரும்பி வந்து மூட்டை இறக்குவோம். நடுவில் பல வருஷம் தேர்தலே இல்லை. அப்போதும் அவர்தான் கவுன்சிலர் மாதிரி.

கடல் பொங்கி நாகப்பட்டினத்துச் சனங்களை வாரிக்கொண்டு போன வருஷத்துக்கு இரண்டு வருஷம் கழித்து வந்த தேர்தலில், எங்கள் வார்டு எங்கள் சனத்துப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. முதலாளி சிரித்தார். "நம்ம களத்து அஞ்சலையைப் போட்டுடுவோம். கையெழுத்துப் போடத் தெரியும், வேற என்ன வேணும்?" என்றார்.

அஞ்சலை அம்மாள் அப்போது மில் களத்தில் நெல் காயவைக்கிற வேலையில் இருந்தார். கால் விரல்களால் நெல்லைக் கோடு கோடாகத் திருப்பிக்கொண்டே நடக்க வேண்டும். நெல் காய்கிறவரை களத்தை விட்டுப் போகக் கூடாது. ஜெயித்த பிறகும் அதே களம், அதே வேலை. முத்திரையும் லெட்டர் பேடும் முதலாளியின் மேஜை டிராயரில் இருந்தன. வியாபாரிகள் வந்தால் முதலாளி குரலை உயர்த்துவார்:

"கவுன்சிலரே! அந்த மூலை நெல்லைத் திருப்பலியே? வார்டை இப்படித்தான் பாக்குறீங்களா?"

வந்தவர்கள் சிரிப்பார்கள். மூட்டை தூக்கிய நாங்களும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஆறு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம், காலில் ஒட்டிய உமியோடு அவர் நேராக முதலாளி அறைக்குள் போனார். டிராயரைத் திறந்தார். முத்திரையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"ஏய், என்ன எடுக்குற?"

"நெல்லு உங்க நெல்லு முதலாளி. முத்திரை எங்க தெரு முத்திரை."

அன்றோடு களத்து வேலை போயிற்று. அவர் புருஷன் முனியனும் என்னோடு மூட்டை தூக்கியவர். அவரையும் நிறுத்தினார்கள். எந்த மில்லும் அவரைச் சேர்க்கவில்லை. திருப்பூருக்குப் போனார், அங்கேயே காய்ச்சலில் செத்தார். உடலை எடுத்து வந்த அன்று முதலாளி மாலை அனுப்பினார். அஞ்சலை அம்மாள் அந்த மாலையைப் பிரித்து ஆட்டுக்குப் போட்டார்.

குடிதண்ணீர்க் குழாய்க்காக அவர் பொறியாளரைப் பார்க்கப் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். பொறியாளர் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அஞ்சலை அம்மாள் வெளியே வந்து, அந்த அறை வாசலில் களத்தில் நடக்கிற மாதிரியே காலை இழுத்து இழுத்து மேலும் கீழும் நடந்தார். மறுநாளும் நடந்தார்.

"உட்காருங்கம்மா, ஏன் இப்படி?" என்றார் பியூன்.

"இன்னும் காயலியே தம்பி."

நாலாம் நாள் பொறியாளர் கையெழுத்துப் போட்டார். குழாய் வந்தது, சாக்கடைக்கு மூடிக்கல் வந்தது, இரண்டு வரிசைக்கும் விளக்கு வந்தது. அடுத்த தேர்தலில் முதலாளி நிறுத்திய ஆளைத் தோற்கடித்து மறுபடியும் ஜெயித்தார்.

அவர் நல்ல வாய் உள்ளவர் என்று பொய் சொல்ல மாட்டேன். குழாயடியில் சண்டை போட்ட பெண்களைப் பார்த்து, "உங்களுக்குத் தண்ணி கொண்டாந்ததுக்கு முதலாளிக்கே நெல்லு திருப்பியிருக்கலாம்" என்பார். ஆனால் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பவர் அவர். என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்.

இனி என் சங்கதி. கஜா புயல் தென்னையெல்லாம் சாய்த்துப் போட்ட வருஷத்தை ஒட்டி, வார்டுகளைப் புதிதாகப் பிரிக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. தேர்தல் நின்று போயிருந்தது, அஞ்சலை அம்மாள் பதவியும் முடிந்திருந்தது. ஒரு காலையில் நகராட்சிப் பில் கலெக்டர் காகிதத்தோடு வந்தார். கூடவே மில் முதலாளி. எங்கள் வார்டின் எல்லை 'பழைய வாய்க்கால்' என்று காகிதத்தில் இருந்ததாம்.

பில் கலெக்டர் பின்பக்கச் சாக்கடையைக் காட்டி, "இதுதானே?" என்றார். தெருவில் நின்ற பையன்கள் ஆமாம் என்றார்கள். அதோடு விட்டிருந்தால் இரண்டு வரிசையும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

முதலாளி என்னைப் பார்த்தார். "மாரிமுத்து, ஊர்ல உன் அளவுக்கு ஞாபகம் யாருக்கு இருக்கு? நீ சொல்லு."

மில்லுக்குக் கூட்டிப் போனார்கள். நாற்காலி போட்டார்கள். வாழ்நாளெல்லாம் அந்த மில்லில் முதுகு வளைத்திருக்கிறேன், அங்கே உட்கார்ந்ததில்லை. அன்று உட்கார்ந்தேன். கண்ணாடி டம்ளரில் டீ. எனக்கு ஏதோ சந்தேகம் தட்டியது. தட்டவில்லை என்று சொன்னால் அம்மாளின் மகள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். ஆனாலும் எழுந்து போய், தடியால் தெரு நடுவே குத்திக் காட்டினேன். "வாய்க்கால் இங்கதான் ஓடிச்சு. அந்தப் பசங்களுக்கு என்ன தெரியும்?" மதகு இருந்த இடம், நாவல் மரம் நின்ற இடம், ஒன்று விடாமல் சொன்னேன். பில் கலெக்டர் பின்னாலேயே சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு வந்தார்.

மேல வரிசை ஒரு வார்டு, கீழ வரிசை இன்னொரு வார்டு ஆனது. பாதிப் பாதியான எங்கள் சனம் இரண்டு வார்டிலுமே சொற்பம். அதனால் இரண்டுமே எங்களுக்கு ஒதுக்கப்படவில்லை. தேர்தல் வந்தபோது அஞ்சலை அம்மாள் கீழ வரிசை வார்டில் நின்று பார்த்தார். அவருக்காகச் சாகத் துணிந்த எதிர் வரிசைக்காரர்கள் அவருக்கு ஓட்டுப் போட முடியாது. கைவிரல் விட்டு எண்ணுகிற வித்தியாசத்தில் தோற்றார்.

முடிவு வந்த மறுநாள் என் வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, கோடு காட்டுனது நீதானா?"

"உண்மை அதானே அஞ்சலை."

"பில் கலெக்டர் சாக்கடையைத்தானே காட்டுனாரு? உன்னை யாரு வாயைத் தொறக்கச் சொன்னது?"

"கேட்டாங்க..."

"நாற்காலி போட்டாங்களாமே." தெருவே வேடிக்கை பார்த்தது. "பொய் சொல்லி ஒரு நல்லது செய்ய ஆண்டவன் உனக்கு ஒரே ஒரு தடவை வாய்ப்புக் கொடுத்தான். அதையும் டீயோட சேத்துக் குடிச்சிட்டியே."

அதன் பிறகு என்னை 'அண்ணே' என்று கூப்பிடவில்லை. எதிரே பார்த்தால், "பெரியவரே, ஞாபகமெல்லாம் நல்லா இருக்குங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார். ஒரு நாளும் விட்டதில்லை. அதைவிட அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

மேல வரிசைத் தண்ணீர் தெருவைக் கடந்து சாக்கடைக்குப் போகிற இடத்தில், கோட்டின் மேலேயே ஒரு மூடிக்கல் உடைந்தது. இந்த வார்டு கவுன்சிலர் அது அந்த வார்டு என்றார். அந்த வார்டு கவுன்சிலர் இந்த வார்டு என்றார். அஞ்சலை அம்மாள் இரண்டு பேர் வீட்டுக்கும் மனுவோடு நடந்தார். இந்த ஐப்பசி மழையில் அந்தக் கல்லிலேயே கால் இடறி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. நான் பார்க்கப் போனேன். கண் திறந்து பார்த்து, "வாங்க பெரியவரே. குழி அளக்க வந்தீங்களா?" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

சாவுக்கு இரண்டு கவுன்சிலர்களும் வந்தார்கள். மேல வரிசையில் ஒரு பேனர், கீழ வரிசையில் ஒரு பேனர். இரண்டிலும் ஒரே படம். 'எங்கள் வார்டின் தாய்' என்று இரண்டிலும் இருப்பதாக யாரோ படித்துச் சொன்னார்கள். தூக்கும்போது மூடிக்கல்லைச் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டியிருந்தது. நான் தோள் கொடுக்கப் போனேன். லட்சுமி மகன் என்னைத் தள்ளிவிட்டான். அது நியாயம்தான்.

வார்டுகளை மறுபடியும் பிரிப்பார்கள் என்கிறார்கள். அன்றைக்கும் யாராவது காகிதத்தோடு வருவார்கள். தங்கச்சி அஞ்சலை, நீ போய் வா. இனிமே யாரு கேட்டாலும், வாய்க்கால் தெருவுக்குப் பின்னாலதான் ஓடிச்சு, சாக்கடை இருக்கிற இடத்துல. வேறு மாதிரிச் சொல்லக் கூடியவர்களில் முதலாளி கொரோனாவில் போனார், பில் கலெக்டர் போன தையில் போனார். அதைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது ஒருத்தன்தான்: சடையன் மகன் மாரிமுத்து.