திரையில் வந்த எண்

துணி துவைக்கும் மிஷினுக்குள் இருக்கும் சில்லுக்கு நிரல் எழுதுவதுதான் அவர் பிழைப்பு. நிரல் பாதியில் நின்றுபோனால் காரணம் சொல்ல, அந்தக் குட்டித் திரையில் பதினாறு எழுத்துக்குத்தான் இடம். அதற்குள் என்னத்தை விளக்குவது? தன் கைபேசி எண்ணையே போட்டுவிட்டார். நின்றால் கூப்பிடட்டும்!

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் கெட்டிக்காரர். ஆறு வருடமாக ஒரு மிஷினும் நின்றதில்லை. மனைவி போனபின் அந்த வீட்டை ஈ காக்கைகூட எட்டிப் பார்த்ததில்லை. ஃபோனும் வாயைத் திறக்கவில்லை.

போன செவ்வாய் மத்தியானம் அது அடித்தது. யாரோ ஒரு சலவைக்கடை அம்மா.

"சார், மிஷின் நின்னுபோச்சு. உங்க நம்பர்தான் காட்டுது."

எத்தனை துணி, எவ்வளவு தண்ணீர் என்று துருவித் துருவிக் கேட்டவர், கடைசியில், "சாப்டீங்களாம்மா?" என்றும் கேட்டுவிட்டார்.

"இப்பதான் சார் ஆச்சு. நீங்க?"

அவர் பேச்சை மிஷினுக்கே திருப்பினார்.

"அணைச்சுப் போட்டா ஓடும்மா. மறுபடி நின்னா கூப்பிடுங்க."

மறுநாளும் நின்றது, அந்த அம்மா கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். இன்றோடு ஆறு நாள், ஆறு ஃபோன்.

பிழையைக் கண்டுபிடித்துத் திருத்த முதல் நாளே பத்து நிமிடம்தான் ஆயிற்று. திருத்தியதை அனுப்பத்தான் இன்னும் மனம் வரவில்லை.