மஞ்சள் டேப்புக்கு அடியில்

தங்கையின் மின்னணுப் பட்டறையில் சர்க்யூட் போர்டுகளில் பற்றவைக்கும் வேலைக்கு வந்த நாளிலிருந்தே அக்காவுக்கு ஒரு வழக்கம். போர்டில் பயன்படாத துளை எதைக் கண்டாலும், உள்ளே தூசி போகாமல் மஞ்சள் டேப் ஒட்டிவிடுவாள்.

அன்று நாலு மணிக்கு ஆர்டர் கொடுப்பவர் வருவதாக இருந்தது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் புதுப் போர்டு கணினித் திரையில் காட்டினால்தான் ஆர்டர். மணி மூன்றே முக்கால். புரோகிராம் ஏறியது, போர்டின் விளக்கும் சிமிட்டியது. திரையில் மட்டும் ஓர் எழுத்துகூட வரவில்லை. தங்கை செய்தி வரும் வேகத்தை மாற்றினாள், கேபிளை மாற்றினாள், புரோகிராமை மூன்று முறை ஏற்றினாள்.

“உன்ன மாதிரியே ஊமைக்கோட்டானா வந்து வாய்ச்சிருக்குக்கா இது!”

அக்காவின் கண் போர்டின் ஓரத்துக்குப் போனது. பழைய போர்டில் கேபிள் செருக ஒரே இடம். இதில் இரண்டு. ஒன்று வேண்டாததென்று நினைத்து நேற்று அவளேதான் மூடியிருந்தாள். சொன்னால் திட்டு விழும். சொல்லாவிட்டால் ஆர்டர் போய்விடும். வாசலில் வண்டி வந்து நின்றது.

“ஏய்… நான்தான் இன்னொரு ஓட்டைய டேப் போட்டு மூடிட்டேன். அதுல செருகிப் பாரேன்.”

தங்கை டேப்பைப் பிய்த்துக் கேபிளை அதில் செருகினாள். புரோகிராமை இரண்டில் எதன் வழியாகவும் ஏற்றலாம். செய்தி வெளியே வந்தது மூடியிருந்த அந்த ஒன்றில்தான். திரையில் எண்கள் வரிவரியாக இறங்கின.

“அடிப்பாவி அக்கா! இவ்வளவு நேரம் வேடிக்கையா பார்த்த?”

ஆர்டர் கிடைத்தது. அக்கா இன்றும் டேப் ஒட்டுகிறாள், “இது வேணுமாடி?” என்று கேட்டுவிட்டு.