ஜப்பான்காரர் மேல் விழாத மஞ்சத்தண்ணி

பங்குனிப் பொங்கல் முடிந்து இன்று எங்கள் தெருவில் மஞ்சத்தண்ணி விளையாட்டு.

மாடியில் குடியிருக்கும் ஜப்பான்காரர், என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அச்சுக் கம்பெனிக்கு மிஷின் மாட்ட சிவகாசி வந்தவர். காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்றார்.

தெருவே மஞ்சளாகிவிட்டது. அவர் மேல் ஒரு சொட்டு விழவில்லை. முகம் வாடிப்போயிற்று.

"அக்கா, என் மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லய்யா. மச்சான், கொழுந்தன் முறைக்குத்தான் ஊத்துவோம். நீங்க தெருவுல அம்புட்டுப் பொம்பளைகளையும் அக்கான்னு கூப்பிடுறீக. தம்பிக்கு எவ ஊத்துவா?"

மிஷினில் கோளாறு தேடுகிற மாதிரி யோசித்தார்.

"உங்க வீட்டுக்காரரை அண்ணேன்னுதான கூப்பிடுறேன்? அப்ப நீங்க யாரு?"

"மதினி."

"மதினி!" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, குடத்தைக் கவிழ்த்துவிட்டேன். பின்னாலேயே பக்கத்து வீட்டுக் குடங்களும் வந்தன. அந்த வீட்டுக்காரர்களும் அவருக்கு அண்ணன்மார்தானே!

சொட்டச் சொட்ட நின்றவர் வாளியைத் தூக்கினார்.

"மதினி, கொழுந்தன் திருப்பி ஊத்தலாமா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. "ஒனக்குத் தம்பியா இருந்தவரைக்கும் ஒழுங்காத்தான் இருந்தாரு."

பொங்கலுக்கு எடுத்த புதுப் பட்டுச்சேலை. மஞ்சள் கறை போக என்ன போடலாம், சொல்லுங்க. அவரைத் திட்ட மட்டும் சொல்லாதீங்க, கொழுந்தனாகிவிட்டார்.